சம்பளத்துக்குப் பாக்குற வேலைதானே?

அண்ணா வணக்கம். கொல்கத்தாவுல யூதங்க கும்பிடுற இடமான சினகாக்கை முஸ்லிம் குடும்பங்கதான் பாத்துக்கிறாங்கன்னு போன வாரம் எழுதியிருந்தீங்க. படிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அது சம்பளத்துக்குப் பாக்குற வேலைதானே, அதைப் போய் மத ஒற்றுமைன்னு சொல்றது கொஞ்சம் ஓவரா தெரியுது. அந்தச் சனமே இல்லாமப் போனா அப்புறம் என்ன?
- திருச்சியிலேருந்து ஒரு வாசகர்

தம்பி, நியாயமான கேள்விதான். சம்பளம் உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா மாகேன் டேவிட் சினகாக்குக்கு நான் போனப்ப நடந்ததைச் சொல்றேன். 1884ல கட்டினது, உயரமா கோபுரம் வச்சிருக்கிறதால சர்ச்சுன்னு நினைச்சு முதல்ல தாண்டியே போயிட்டேன், நாகோதா மசூதி அங்கேருந்து நடக்கிற தூரம்தான். உள்ள ஒரு யூதர்கூட இல்ல, பாத்துக்கிற பெரியவர் மட்டும்தான். நான் பாட்டுக்கு விறுவிறுன்னு முன்னாடி போக, அவரு ஓடி வந்து கையப் பிடிச்சு நிறுத்தி ஒரு குல்லாவ எடுத்து நீட்டினாரு, யூதங்களோட வேதமான தோரா சுருள் வைக்கிற இடம், தலைய மூடிட்டுப் போங்கன்னாரு. நான் வெறுந்தலையோட போயிருந்தா கேக்க ஆளே கிடையாது தம்பி. இதுக்கெல்லாமா சம்பளம் குடுக்குறாங்க?

ஒடிசாவுலேருந்து வந்த குடும்பங்க, அப்பாவுக்கு அப்புறம் மகன்னு தலைமுறையா இதே வேலை. ஒரு காலத்துல யூத வீட்டு சமையக்கட்டுலயும் முஸ்லிம் சமையக்காரங்கதான் இருந்தாங்க. கறியோட பால், நெய் எதுவும் சேரக்கூடாதுங்கிறது யூதங்க சட்டம், பன்னி ரெண்டு பேருக்குமே ஆகாது, அதனால ஒருத்தர் அடுப்ப நம்பி இன்னொருத்தர் சாப்பிட முடிஞ்சுது. முழு உருளைக்கிழங்க எண்ணெய்ல மெதுவா ரொம்ப நேரம் பொரிச்செடுக்கிற ஆலு மக்கல்லா அந்த வீடுகள்ல பேர்போன அயிட்டம், அதைப் பக்குவமா இறக்கினதும் அந்தக் கைகதான். மேடை போட்டு கை கோத்து நிக்கிறதவிட எனக்கு இதுதான் பெருசாத் தெரியுது, ஏன்னா இன்னொருத்தன் வீட்டுல எது ஆகும் எது ஆகாதுன்னு தினம் தினம் ஞாபகம் வச்சிருக்கணுமே, அது லேசுப்பட்ட வேலையா?

1881ல யூதப் பொண்ணுங்களுக்குன்னு ஆரம்பிச்ச ஸ்கூல் இப்பவும் நடக்குது, படிக்கிறவங்கள்ல பெரும்பாலும் முஸ்லிம் பொண்ணுங்க, யூனிஃபார்ம்ல யூதங்க அடையாளமான தாவீது நட்சத்திரம். எந்த வீட்டுலயும் அதைக் கழட்டுன்னு சொல்லல.

கடைசியா கேட்டியே, அதுதான் எனக்கும் வயித்தக் கலக்குது. ஆயிரக்கணக்குல இருந்த சனம், பெரும்பகுதி இஸ்ரேலுக்கும் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும்னு போயிடுச்சு, மிச்சம் இருக்கிறவங்க முப்பதுக்குள்ளதான், அதுலயும் வயசானவங்க ஜாஸ்தி. கூட்டுப் பிரார்த்தனைக்கு பத்து ஆம்பளைங்க வேணும், அதுவே சேர மாட்டேங்குது. பெரியவர்கிட்ட இதைக் கேட்டேன், அவரு பதில் சொல்லல, பெஞ்சைத் துடைச்சிட்டே இருந்தாரு, பாங்கு சத்தம் கேட்டதும் துணிய மடிச்சு வச்சிட்டு, கதவைப் பூட்டணும், வாங்கன்னாரு.