வெட்டுப்புள்ளியும் ஒரு சைக்கிளும்

கேள்வி: தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் 2 புள்ளிகளால் வெட்டுப்புள்ளியைத் தவறவிட்ட என் மகள் அழுதுகொண்டேயிருக்க, அம்மப்பாவும் அம்மம்மாவும் அவளுக்குச் சைக்கிள் வாங்கித் தர நினைக்கிறார்கள். இது அவளைக் கெடுத்துவிடாதா?
– ஒரு தாய், திருகோணமலை

பதில்: கெடுக்காது; ஆனால் சைக்கிள் சற்றுப் பொறுக்கட்டும். 200 புள்ளிகளுக்கு நடக்கும் அப்பரீட்சையின் வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுவது என்பதையும், அது உதவிப்பணத்துக்கான எல்லையேயன்றி அறிவின் அளவன்று என்பதையும் அம்மப்பாவே அவளுக்கு எடுத்துச் சொல்லலாம். (நாம் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை!) பின்னர் மூவரும் கன்னியாவுக்குப் போய், ஒவ்வொன்றும் வெவ்வேறு சூடுடைய 7 வெந்நீர்க் கிணறுகளிலும் வாளியால் அள்ளிக் குளித்து வரட்டும். சைக்கிளைப் பிறந்தநாளுக்கு வாங்கலாம்; அதுவரை அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளிகளைப் பற்றி நீங்கள் பேசாதிருங்கள்.