நாலு மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்களே!

அன்புள்ள டாக்டர்,
பெரியவனுக்குச் சின்ன வயதில் ஆஸ்துமா இழுப்பு வரும்போதெல்லாம் பெட்டில் சேர்த்து, மூச்சுக்குழாயை விரிக்கும் டெரிஃபிலின் ஊசி, ட்ரிப்ஸ் என்று மூன்று நாள் வைத்திருப்பார்கள். போன வாரம் ஆறு வயதுச் சின்னவளுக்கு வந்தது. ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் டப்பாவை வைத்து அதில் மருந்து பம்ப் அடித்து, மாத்திரை கொடுத்து, நாலு மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. ஏனோதானோ என்று பார்த்துவிட்டார்களோ?
— ஒரு தாய், குடியாத்தம்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் வைத்தியத்தில் குறையில்லை. டெரிஃபிலினில் பலன் தரும் அளவுக்கும், வாந்தி, படபடப்பு, வலிப்பு வரை கொண்டுபோகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அதனால்தான் அது முதலில் கொடுக்கும் மருந்துகளின் வரிசையிலிருந்து போனது. எக்ஸ்ரே எல்லாக் குழந்தைக்கும் தேவையில்லை. கடும் காய்ச்சல், ஒரு பக்கம் மட்டும் மூச்சுச் சத்தம் குறைவு, மருந்துக்கு மசியாத இழுப்பு என்றால் எடுப்பார்கள்.

இன்றைக்கு முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம். 20 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக மூன்று சுற்று சல்பூட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கும் பம்ப் மருந்து), சுற்றுக்கு 4 முதல் 10 பஃப், அதாவது அத்தனை அழுத்து. ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆக்ஸிஜன். கடுமையானால் மூச்சுக்குழாயை விரிக்கும் இன்னொரு மருந்தான இப்ராட்ரோபியம், அதற்கும் அடங்காவிட்டால் நரம்பில் மெக்னீசியம். கூடவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, உடல் எடையில் கிலோவுக்கு 1–2 மி.கி., 40 மி.கி.க்கு மேல் போகாமல். இந்த மாத்திரை வேலைசெய்யவே நாலு மணி நேரம்போல ஆகும். உங்களை உட்கார வைத்திருந்த நேரம் வீணில்லை.

எனக்குக் கவலை வேறு. வீட்டில் என்ன கொடுக்கிறீர்கள் என்று ஒரு வரியும் எழுதவில்லையே! சீக்கிரம் அனுப்புவது, மிச்ச வைத்தியம் வீட்டில் நடக்கும் என்ற நம்பிக்கையில்தான். மூச்சு சரியானாலும் மாத்திரையைச் சொன்ன நாள்வரை கொடுங்கள். பெரும்பாலும் 3 முதல் 5 நாள். ஓரிரு நாளில் மறுபடி காட்டுங்கள்.

பம்ப் அடிப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். குலுக்கி ஒரே ஒரு பஃப் அடித்து, குழந்தை ஐந்தாறு முறை மூச்சு இழுத்த பிறகு, மறுபடி குலுக்கி அடுத்தது. நாலைந்தை மொத்தமாக அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்துச் சுவரில் படிந்துவிடும். ஸ்பேசரைத் துணியால் துடைக்கவே கூடாது; தேய்த்த பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் முக்கி, தானாகக் காயவிடுங்கள். ஸ்பேசர் வெறும் டப்பாதானே, வேலைசெய்யுமா என்று சந்தேகப்பட வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் 500 மி.லி. பாட்டிலில் செய்த ஸ்பேசரே கடைச் சரக்குக்கு ஈடாக வேலைசெய்தது என்று 1999-இல் ஆய்வே வந்தது.

சல்பூட்டமால் அடித்தும் நாலு மணி நேரம் தாங்கவில்லை, பேச்சு பாதியில் நிற்கிறது, விலா உள்ளே இழுக்கிறது, உதடு நீலம் பாரிக்கிறது: இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை பம்பை நிறுத்த வேண்டாம்.

அடுத்த முறை போகும்போது ஸ்பேசரையும் கொண்டுபோய் நர்ஸ் முன்னால் அடித்துக் காட்டுங்கள். இழுப்பு வராமல் தடுக்கத் தினமும் போடும் ஸ்டீராய்டு பம்ப், புடெசோனைடு போன்றது, இவளுக்கு வேண்டுமா என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்தால், இழுப்பு இல்லாத நாளிலும் போடுங்கள். போகிப் புகைக்கு முன்பே ஆரம்பித்துவிட்டால் நல்லது.