பதில்: தாராவி வீடு, சயான் ஆஸ்பத்திரிப் பிரசவம் – பிறப்புச் சான்றிதழ் எந்த ஆபீஸில்?

வீடு தாராவியில், குழந்தை பிறந்தது சயான் ஆஸ்பத்திரியில், பிறப்புச் சான்றிதழ் எங்கே வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். மும்பை மாநகராட்சியின் ஜி நார்த் வார்டு (நிர்வாகப் பகுதி) ஆபீஸ் தாதரில் இருக்கிறது; அங்கே உங்களைத் திருப்பி அனுப்பியது சரிதான். பிறப்பைப் பதிவது குழந்தை பிறந்த இடத்தின் வார்டு. வீடு எங்கே என்பது கணக்கில்லை. தாராவி ஜி நார்த், சயான் ஆஸ்பத்திரி எஃப் நார்த். ஆகவே மாட்டுங்காவில் உள்ள எஃப் நார்த் ஆபீஸுக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் கார்டு, பெற்றோர் இருவரின் ஆதார் நகலோடு, பிறந்த தேதியையும் தாயின் பெயரையும் டிஸ்சார்ஜ் கார்டில் உள்ளபடியே எழுதிக் கொடுங்கள். எழுத்து மாறினால் தேடுவது இழுக்கும்.

சான்றிதழில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் பயம் வேண்டாம். பதிவான 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு. இனிஷியல் மட்டும் போடாமல் முழுப் பெயராகக் கொடுங்கள். இங்கே அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று கேட்பார்கள், இனிஷியல் மட்டும் இருந்தால் பின்னால் பள்ளியிலும் பாஸ்போர்ட்டிலும் தகராறு வரும்.

ஆபீஸில் வார்டு எண்ணைச் சொன்னால் அவர்களுக்குப் புரியவில்லை என்றீர்களே, அது கார்ப்பரேட்டர் (மாநகராட்சி உறுப்பினர்) தொகுதி எண். அப்படி 227 உண்டு. நிர்வாக வார்டுகளுக்கு எழுத்துதான் பெயர்.

நீங்கள் கேட்ட வருமானச் சான்றிதழ் மாநகராட்சியின் வேலையே இல்லை. அது தாசில்தார் கையில். தாராவி மும்பை நகர மாவட்டம், அதனால் பாந்த்ராவில் இருக்கும் புறநகர் கலெக்டர் ஆபீஸுக்கு அலைய வேண்டாம்.