பெயரை மட்டும் அழித்தால் போதுமா? இளைஞர் திட்ட மதிப்பீடும் பங்குபற்றியவர்களின் விபரங்களும்

சுன்னாகத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்:

"அக்கா, நாங்கள் ஒரு சின்ன நிறுவனம். வலிகாமத்திலும் தீவகத்திலும் 17 முதல் 29 வயது வரையான பிள்ளைகளுக்கு ஆறு மாதத் தொழிற்பயிற்சி கொடுத்தோம். வெல்டிங், தையல், கணினி, கேக் அலங்காரம். இப்போது நிதி தந்தவர்கள் மதிப்பீடு செய்யச் சொல்கிறார்கள். கொழும்பிலிருந்து வரும் மதிப்பீட்டாளர், பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் இலக்கம், முகவரி, குடும்ப விபரம் எல்லாம் இருக்கிற எங்கள் எக்செலை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா? பெயரை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினால் சரியா?"

அப்படியே அனுப்ப வேண்டாம். பெயரை அழித்துவிட்டு அனுப்பினாலும் சரியாகாது. கொழும்பிலோ கண்டியிலோ எப்படியோ, எங்கள் ஊரில் பெயர் இல்லாமலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். உங்கள் எக்செலில் கிராம அலுவலர் பிரிவு ஒரு நிரல், வயது ஒரு நிரல், பயிற்சி ஒரு நிரல். நெடுந்தீவு, 22 வயது, பெண், வெல்டிங் என்று ஒரு வரி இருந்தால் அதற்குமேல் பெயர் எதற்கு? இறங்குதுறையில் நிற்கிற யாரைக் கேட்டாலும் "ஓ, அவவின்ர மகள்" என்று வீட்டையே காட்டிவிடுவார்கள். அதே வரியில் "தந்தை காணாமல் ஆக்கப்பட்டவர்", "நுண்கடன் நிலுவை உண்டு", "பயிற்சியை இடையில் விட்ட காரணம்: குடும்பப் பிரச்சினை" என்றெல்லாம் இருந்தால், நீங்கள் அனுப்புவது ஒரு வீட்டின் முழுக் கதை.

அடையாள அட்டை இலக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "அது வெறும் நம்பர்தானே" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். புதிய பன்னிரண்டு இலக்க அட்டையில் முதல் நான்கு இலக்கமும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அந்த மூன்றோடு 500 கூட்டியிருக்கும். 612 என்று இருந்தால் பெண், ஏப்ரல் 21. பழைய ஒன்பது இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான், ஆண்டு மட்டும் இரண்டு இலக்கம். ஆகவே அந்த ஒரு நிரலைக் கொடுத்தால் பிறந்த திகதியையும் பாலையும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். சில தொழில்நுட்பத் தம்பிமார் "இலக்கத்தை ஹாஷ் பண்ணி, அதாவது குழப்பி மாற்றிக் கொடுக்கலாம் அக்கா" என்பார்கள். இவ்வளவு ஒழுங்கான அமைப்புள்ள இலக்கத்தில் வரக்கூடிய எல்லாச் சேர்க்கைகளையும் ஒரு சாதாரண லப்டொப்பே ஒன்றொன்றாகப் போட்டுப் பார்த்துத் திரும்ப எடுத்துவிடும், அதனால் அந்த யோசனை வேண்டாம். மதிப்பீட்டுக்கு அடையாள அட்டை இலக்கம் எந்த இடத்திலும் தேவைப்படாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் அதே ஆள்தானா என்று பொருத்திப் பார்க்க ஏதாவது ஒரு குறியீடு வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் குறியீட்டை நீங்களே கொடுங்கள். ஒரு கோப்பில் பெயர், போன் இலக்கம், குறியீடு மட்டும். இன்னொரு கோப்பில் குறியீடும் பதில்களும் மட்டும். முதல் கோப்பு உங்கள் நிறுவனத்தில் ஒருவரிடமோ இருவரிடமோ இருக்கட்டும், வெளியே போகவே கூடாது. இரண்டாவதுதான் மதிப்பீட்டாளருக்கு. குறியீட்டைப் பெயரின் முதலெழுத்தும் பிறந்த ஆண்டும் சேர்த்துச் செய்யாதீர்கள், பயிற்சி நிலையத்தின் பெயரையும் அதில் போடாதீர்கள், பதிவுசெய்த வரிசையிலும் கொடுக்காதீர்கள், குலுக்கிக் கொடுங்கள். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பெயரை வைத்துப் பொருத்தினால் எங்கள் பெயர்கள் ஆங்கிலத்தில் ஒரு போமில் ஒரு மாதிரி, அடுத்த போமில் இன்னொரு மாதிரி, தந்தை பெயர் சில இடத்தில் முன்னால் சில இடத்தில் பின்னால், கடைசியில் பாதிப் பேர் பொருந்தவே மாட்டார்கள். குறியீடு என்றால் அந்தத் தலையிடி இல்லை.

இனி அந்த இரண்டாவது கோப்பு. வயதை 17–19, 20–24, 25–29 என்று தொகுதியாக்குங்கள். கிராம அலுவலர் பிரிவை எடுத்துவிட்டு "வலிகாமம்", "தீவகம்" என்று மட்டும் வையுங்கள். ஒரு தொகுதியில் ஐந்து பேருக்குக் குறைவாக வந்தால் பக்கத்துத் தொகுதியோடு சேர்த்துவிடுங்கள். வெல்டிங்கில் இரண்டே பெண்கள் என்றால், "பெண்கள், உலோக வேலையும் கணினியும்" என்று சேர்ப்பது கொஞ்சம் அவலட்சணமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. மதிப்பீட்டாளர் "பகுப்பாய்வு பலவீனமாகிவிடும்" என்று சொன்னால், எந்தக் கேள்விக்கு விடை காண அந்த நுணுக்கம் தேவை என்று எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. வந்தால், நியாயமாக இருந்தால், அந்த ஒரு நிரலை மட்டும் கொடுக்கலாம்.

எதை அனுப்பினாலும் புதிய கோப்பாகச் செய்து அனுப்புங்கள். பழைய எக்செலில் நிரலை மறைத்து வைத்தால் ஒரு கிளிக்கில் திரும்ப வரும். பிவட் அட்டவணை (தரவைச் சுருக்கித் தொகுத்துக் காட்டும் அட்டவணை) போட்டிருந்தால் மூலத் தரவை அழித்த பிறகும் அதன் பிரதி கோப்புக்குள் இருக்கக்கூடும். கூகுள் ஷீட் என்றால் நீங்கள் அழித்த பெயர்கள் பதிப்பு வரலாற்றில் அப்படியே இருக்கும், திருத்தும் அனுமதி உள்ள எவரும் பார்க்கலாம். தேவையான நிரல்களைக் கொப்பி பண்ணி வெற்றுக் கோப்பில் மதிப்புகளாக மட்டும் ஒட்டி, கடவுச்சொல் போட்டு மறையாக்கம் செய்து அனுப்புங்கள். எக்செலில் "ஷீட்டைப் பாதுகாத்தல்" என்று ஒன்று இருக்கிறது, அது யாரும் கைவைக்காமல் தடுப்பதற்கு, வாசிப்பதைத் தடுக்காது. கோப்பையே திறக்கக் கடவுச்சொல் கேட்கிற தெரிவு வேறு, அதைத்தான் போட வேண்டும். கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதி அனுப்புகிற வழக்கம் எங்கள் பக்கம் அதிகம். போன் எடுத்துச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் போன கோப்பு அவர் போனில், அவருடைய கிளவுட் பேக்கப்பில், அவர் முன்னனுப்பிய உதவியாளரின் போனில் என்று பரவிவிடும், பிறகு "அழித்துவிட்டேன்" என்று அவர் சொல்வதற்கு அர்த்தமில்லை.

புதிதாகக் கருத்துக்கணிப்புச் செய்யப்போகிறீர்கள் என்றால் கூகுள் போமில் இரண்டு விடயம் பாருங்கள். மின்னஞ்சல் முகவரி சேர்க்கும் தெரிவு தேவையில்லை என்றால் நிறுத்துங்கள். பதிலளித்தவர்களுக்கு முடிவுகளின் சுருக்கத்தைக் காட்டும் தெரிவையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஒரு பிள்ளை எழுதிய நீண்ட பதிலை அடுத்த பிள்ளை வாசிக்கலாம். கோபோ (போனில் கருத்துக்கணிப்பு எடுக்கும் செயலி) பாவிப்பவர்கள், இடக்குறி, அதாவது நிற்கிற இடத்தின் ஜிபிஎஸ், கேட்கும் கேள்வி போமில் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். வீட்டு முற்றத்தில் நின்று நேர்காணல் செய்தால் அது வீட்டு முகவரிதான். அனுப்பிய பிறகு போனில் இருந்து தானாக அழிக்கும் தெரிவையும் போட்டுவிடுங்கள், கணக்கெடுக்கப் போகிற தம்பியின் போன் பஸ்ஸில் தொலையலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்து பிறகு தள்ளிப்போனது, அதைக் காட்டி "இன்னும் வரவில்லையே" என்று இருந்துவிடாதீர்கள். இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நலம், குற்ற வழக்கு விபரம், சிறுவர் பற்றிய தரவு எல்லாவற்றையும் அது விசேட வகை என்று தனியே வைத்திருக்கிறது. எங்கள் போம்களில் இவற்றில் பாதி, யாரும் யோசிக்காமலே இருக்கும். பழைய போமைக் கொப்பி பண்ணிப் புதிய திட்டத்துக்குப் போடுவதால் வருகிற வினை இது. நோக்கத்தைச் சொல்லிச் சேர்ப்பது, தேவைக்கு மேல் சேர்க்காதது, தேவை முடிந்ததும் வைத்திருக்காதது, இவைதான் அந்தச் சட்டத்தின் அடிப்படை. விபரங்களுக்குப் பொறுப்பு நீங்கள்தான், மதிப்பீட்டாளர் உங்களுக்காக அதைக் கையாள்பவர். ஆகவே அவரோடு எழுத்தில் ஒரு ஒப்பந்தம் வேண்டும்: என்ன கொடுக்கப்படுகிறது, எதற்கு மட்டும் பாவிக்கலாம், வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது, எந்தத் திகதிக்குள் அழித்து எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஒரு பக்கம் போதும். நிதி தருபவர் ஐரோப்பாவில் இருந்தால் 2018 மே மாதத்தில் இருந்து அவர்களுக்கு அங்கே இதைவிடக் கடுமையான சட்டம் இருக்கிறது, அதனால் நீங்கள் மறுப்பது அவர்களுக்கு விசித்திரமாகப் படாது. சொல்லப்போனால் எக்செலைக் கேட்டது அவர்களாகவே இருக்காது.

சம்மதம் பற்றி. பயிற்சியில் சேரும்போது போட்ட கையொப்பம் பயிற்சிக்குத்தான். மதிப்பீட்டுக்கு வேறு, படம் எடுத்து முகநூலில் போடுவதற்கு வேறு, "வெற்றிக் கதை" எழுதுவதற்கு வேறு. நான்கையும் ஒரே பெட்டியில் போட்டு ஒரு கையொப்பம் வாங்குகிறார்கள், அதுவும் சான்றிதழ் கொடுக்கிற அன்று, போக்குவரத்துப் பணம் கையில் கொடுக்கிற மேசையில். அந்த மேசையில் எந்தப் பிள்ளை "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லும்? வேறொரு நாளில், பயிற்றுநர் இல்லாத இடத்தில், தமிழில் வாசித்துச் சொல்லி, இல்லை என்றாலும் சான்றிதழிலோ அடுத்த பயிற்சியிலோ ஒன்றும் குறையாது என்று சொல்லிக் கேளுங்கள். பிறகு மனம் மாறினால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு இலக்கத்தையும் கொடுங்கள். 18 நிறையாத பிள்ளைகளுக்குத் தாய் தந்தை அல்லது பாதுகாவலரின் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். அம்மா ஓம் என்றாலும் பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

குழுக் கலந்துரையாடலில் "இங்கே பேசுவது வெளியே போகாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் காப்பாற்றலாம், சுற்றியிருக்கிற எட்டுப் பேரும் காப்பாற்றுவார்கள் என்று உங்களால் சொல்ல முடியாது. சொந்தக் கதை வரக்கூடிய கேள்விகளைத் தனி நேர்காணலுக்கு வையுங்கள். ஒலிப்பதிவை எழுதி முடித்துச் சரிபார்த்ததும் அழியுங்கள், குரலும் அடையாளம்தான். அறிக்கையில் மேற்கோள் போடுகிற இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குவது. "பங்குபற்றுநர், பெண், 24" என்று கவனமாகப் போட்டுவிட்டு, உள்ளே "அண்ணா கனடாவில், அப்பா போன வருடம் மில்லில் விபத்தில் போனபிறகு நான்தான் தையல்" என்று அவர் சொன்னதை அப்படியே விட்டால் என்ன பயன்? ஊர் முழுக்கத் தெரிந்த கதை அது. கருத்தை வையுங்கள், கதையின் அடையாளங்களை எடுங்கள். நூறு வீதமும் அப்படித்தான்: "ஒரு நிலையத்தில் 100 வீதமானோர் பயிற்றுநர் மரியாதையின்றி நடந்தார் என்றனர்" என்று எழுதினால், குழு எவ்வளவு பெரிதானாலும் ஒவ்வொருவரும் என்ன சொன்னார் என்று அந்தப் பயிற்றுநருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு. நேர்காணலில் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை துன்புறுத்தல் பற்றிச் சொன்னால் இரகசியம் என்று மூடிவைக்க முடியாது. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் இருக்கிறது. "ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உதவிக்கு ஒருவரிடம் சொல்வேன்" என்று நேர்காணலைத் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். பெயர்க் கோப்பை முதல் நாளிலேயே அழித்துவிட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், அப்படி ஒரு பிள்ளையைத் திரும்பத் தேடவேண்டி வரலாம்.

வேறு யாராவது வந்து பட்டியல் கேட்கலாம். அதிகாரி, அரசியல் கட்சிக்காரர், கடன் கம்பனி, வெளிநாட்டு வேலை முகவர், யாராகவும் இருக்கலாம். வாசலில் நிற்கிற ஒரு இளம் உத்தியோகத்தர் தனியாகப் பதில் சொல்லவேண்டி வரக்கூடாது. "எழுத்தில் தாருங்கள், எந்தச் சட்டத்தின் கீழ் என்று குறிப்பிடுங்கள், எங்கள் பொறுப்பாளர் பதில் தருவார்" என்ற வசனத்தை எல்லாருக்கும் இப்போதே சொல்லி வையுங்கள். கையில் பெயரும் பதிலும் சேர்ந்த கோப்பே இல்லை என்றால் அந்த இடத்தில் நிற்பது பாதி இலேசு.

நிதி தந்தவர்களுக்கு இப்படி எழுதுங்கள்: "குறியீடு இட்ட தரவைத் தருகிறோம். பங்குபற்றியவர்கள் உண்மையானவர்கள் என்று உறுதிசெய்ய விரும்பினால், எங்கள் அலுவலகத்துக்கு வந்து நீங்கள் தெரிவுசெய்யும் சில குறியீடுகளுக்குரிய மூலப் படிவங்களைப் பார்வையிடலாம். பிரதி எடுக்க இயலாது." அவர்களுடைய சந்தேகம் பெரும்பாலும் போலிப் பெயர்களைப் பற்றியது, அது இதில் தீர்ந்துவிடும். மதிப்பீட்டாளர் சிலரோடு நேரில் பேச வேண்டும் என்றால், நீங்கள் முதலில் அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டு, ஓம் என்றவர்களின் இலக்கத்தை மட்டும் கொடுங்கள். எல்லாரையும் ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்த்து அவரையும் உள்ளே விடுவது வேண்டவே வேண்டாம். யுவதிகளின் இலக்கம் அதற்குள் இருக்கிற ஐம்பது பேருக்கும் தெரியவந்து, பிறகு இரவு பன்னிரண்டு மணிக்கு "ஹாய்" வருகிற கதை உங்களுக்கே தெரியும்.

கடைசியாகக் கடதாசிகள். போக்குவரத்துப் பணப் பற்றுச்சீட்டும் வரவு ஏடும் கணக்காய்வுக்காகக் கணக்குப் பிரிவில் பூட்டில் இருக்க வேண்டியவை, அவற்றை மதிப்பீட்டுக் கோப்போடு கலக்க வேண்டாம். இனிமேல் வரவு ஏட்டில் பெயரும் கையொப்பமும் போதும், போன் இலக்கத்தோடு அதைக் கைமாறிக் கைமாறி வகுப்பு முழுக்கச் சுற்ற விடாதீர்கள். மதிப்பீட்டு அறிக்கை ஏற்கப்பட்டு, கேள்விகள் வர ஒரு மூன்று மாதம் விட்டு, பெயர்க் கோப்பையும் நிரப்பிய போம்களையும் அழிப்பதற்கு ஒரு திகதி குறித்து, அன்று இரண்டு பேர் நின்று செய்து கையொப்பம் வையுங்கள். போம்களைப் பழைய கடதாசிக்காரரிடம் நிறுத்துப் போட வேண்டாம், அவை கச்சான் சுற்றித்தான் திரும்பி வரும். அரைக்கும் மெஷின் இல்லையென்றால் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிவிட்டுக் குப்பைக்குப் போடுங்கள்.