ஏறிக்கொண்டே போய் சட்டென்று நிற்கும் குரல்

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் நான்கைந்து பெரிய மரங்கள் இருக்கின்றன. ஒரு மாதமாக, இரவு இரண்டு மணி மூன்று மணிக்கெல்லாம் ஒரு பறவை கத்துகிறது. குரல் படிப்படியாக ஏறி, உச்சத்துக்குப் போய் சட்டென்று நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி கீழிருந்து தொடங்கும். பறவையைப் பார்த்ததே இல்லை. போனில் பதிவு செய்து செயலியில் போட்டால் ஒரு நாள் குயில் என்கிறது, மறுநாள் வேறு பெயர், சில நாள் ஒன்றுமே சொல்வதில்லை. குரலை மட்டும் வைத்துப் பறவையைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். அடர்ந்த மரங்களுக்குள் பறவை பார்க்கப் போகிறவர்கள் எழுதிக்கொண்டு வரும் பட்டியலில் பாதிக்கு மேல் காதால் பிடித்ததாகத்தான் இருக்கும். கண்ணில் பட்டது கொசுறு.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எனக்கு அக்காக்குயில் மேல்தான் சந்தேகம். ஆனால் குயிலும் இப்படித்தான் ஏறு வரிசையில் கூவும், உச்சியில் வெட்டினாற்போல் நிறுத்தும், இரவிலும் கூவும். அதனால் செயலி குழம்பியதில் ஆச்சரியமில்லை. இரண்டையும் பிரிக்க நீங்கள் ஒன்றை மட்டும் எண்ணினால் போதும். ஒரு கூவலில் எத்தனை தட்டு, அதாவது எத்தனை தனித்தனி ஒலித்துண்டு?

குயிலுக்கு இரண்டு: "கு-ஊ". முதல் தட்டு சின்னது, இரண்டாவது நீண்டு மேலே இழுக்கும். அதையே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு போகும். அக்காக்குயிலுக்கு மூன்று. நடுத்தட்டுதான் நீளமானது, உயரமானதும் அதுதான். ஐந்தாறு முறை சொல்வதற்குள் குரல் கிறீச்சென்று ஆகி, மூச்சு முட்டியதுபோல அறுந்து நிற்கும். கேட்கிறவருக்கு அடுத்தது எங்கே என்று தவிப்பாக இருக்கும். தூக்கம் போவதே அதனால்தான். இந்த மூன்று தட்டைத்தான் ஆங்கிலேயர்கள் 'பிரெயின் ஃபீவர்' என்று கேட்டார்கள், மூளைக்காய்ச்சல்! இந்திக்காரர்களுக்கு அதுவே 'பீ கஹான்', அதாவது என் காதலன் எங்கே. மராத்தியில் 'பாவ்ஸ் ஆலா', மழை வந்துவிட்டது.

ஒரே பறவை, ஒரே குரல், ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்குக் காதல். புத்தகத்தில் போட்டிருக்கும் சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு மரத்தடியில் நிற்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். சொல் கேட்பவருடையது. பறவையுடையது குரலின் வடிவம்: எத்தனை தட்டு, எது நீளம், ஏறுகிறதா இறங்குகிறதா, நடுவில் எவ்வளவு இடைவெளி.

அதனால் செயலியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் கோடு போடுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு கோடு. நீண்டதற்கு நீளக் கோடு, உயர்ந்ததை மேலே தள்ளிப் போடுங்கள். இறுதியில் குரல் கிழிந்தால் கோட்டையும் நெளித்துவிடுங்கள். அக்காக்குயிலுக்குப் போட்டால், நடுப்படி மட்டும் தூக்கிய மூன்று படிகள் கொத்துக் கொத்தாக மேலே ஏறுவது தெரியும். செம்மார்புக் குக்குறுவான் என்று இன்னொரு பறவை, அதற்கு ஒரே உயரத்தில் சம இடைவெளிப் புள்ளிகள், 'டொக் டொக் டொக்' என்று நிமிடத்துக்கு நூறைத் தாண்டும். செயலிகள் காட்டும் ஒலி வரைபடமும் இதே கோலந்தான்: இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் சுருதி. பத்து குரலுக்குக் கையால் வரைந்தவர்களுக்கு அந்தப் படம் தானாகப் படிக்க வந்துவிடும்.

சரி, செயலி ஏன் நாளுக்கு ஒரு பெயர் சொல்கிறது? பெரும்பாலும் தப்பு பதிவில் இருக்கும். போனில் இருக்கும் சாதாரணப் பதிவுச் செயலி மனிதப் பேச்சுக்காகச் செய்தது. பேச்சில்லாததை இரைச்சல் என்று நினைத்து அமுக்கப் பார்க்கும். இரைச்சல் குறைப்பு என்று ஒரு வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். மின்விசிறி ஓடும் அறைக்குள்ளிருந்து ஜன்னல் வழியாகப் பதிவு செய்யாமல் வெளியே வாருங்கள். மேலே ஏறி நிற்கும் ஒரு முழுச் சுற்றாவது கிடைக்க வேண்டும். நடுவில் வெட்டிய ஐந்து வினாடியில் குயிலா அக்காக்குயிலா என்று மனிதக் காதே திணறும். பறவைக்குரலை அடையாளம் சொல்லும் செயலி மெர்லினோ பேர்ட்நெட்டோ, எதுவானாலும் இடமும் தேதியும் சரியாகக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மெர்லினில் உங்கள் பகுதிக்கான பறவைத் தொகுப்பை முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும். செயலி சொல்லும் பெயரைத் தீர்ப்பாக எடுக்காமல் துப்பாக எடுங்கள். பெயர் வந்ததும் ஜெனோ-கான்டோ தளத்தில் அந்தப் பறவையின் நாலைந்து பதிவுகளைக் கேட்டு, உங்கள் கோட்டோடு ஒப்பிடுங்கள். 2005 முதல் உலகெங்கும் உள்ளவர்கள் பதிந்து சேர்த்த குரல்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன.

குரலோடு நேரத்தையும் சேர்த்துக் குறியுங்கள். பறவை அடையாளத்தில் நேரம் பாதி விடை சொல்லிவிடும். காலையும் மாலையும் இருள் பிரியும், சேரும் வேளையில் சீழ்க்கையடிப்பதால் ஒரு பறவைக்கு ஆறுமணிக்குருவி என்றே பெயர் நிலைத்துவிட்டது. இரவென்றால் பட்டியல் இன்னும் சுருங்கும். ஆந்தைகள், பக்கி என்ற இராப்பறவை, ஆள்காட்டி, குயில் இனங்கள், அவ்வளவுதான் பெரும்பாலும். பக்கியின் குரல் மேசைப்பந்து துள்ளித் துள்ளி அடங்குவதுபோல வேகமெடுத்து ஓயும். ஆள்காட்டியோ யாரையோ கண்டு பதறியதுபோலக் கத்தும். இரண்டுமே உங்கள் விவரத்துக்கு ஒத்துவரவில்லை.

பகலிலும் ஒரு துப்பு கிடைக்கும். அக்காக்குயில் கூடு கட்டாது. தவிட்டுக்குருவியின் கூட்டில் அதன் முட்டை போலவே நீல முட்டை இட்டுவிட்டுப் போய்விடும். குயில் காகத்தின் கூட்டைத் தேடும். உங்கள் மரங்களுக்கு அடியில் ஏழெட்டுத் தவிட்டுக்குருவிகள் சருகைக் கிளறிக்கொண்டு சண்டை போடுகின்றனவா? அப்படியென்றால் என் சந்தேகம் இன்னும் பலப்படும். விடியும் வேளையில் குரல் வரும் கிளையைப் பாருங்கள். சாம்பல் முதுகு, பட்டை போட்ட வால், பார்த்தால் வல்லூறு என்றே நினைப்பீர்கள். காதுக்குப் பின்னால் இரண்டு கையையும் குவித்துத் தலையை மெதுவாகத் திருப்பினால் குரல் வரும் திசை பிடிபடும்.

ஒரு எச்சரிக்கை, நான் பட்டது. இரண்டு வாரம் தினமும் காலையில் வல்லூறு கத்துகிறது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் பார்த்தால் கம்பியில் உட்கார்ந்திருந்தது இரட்டைவால் குருவி! வல்லூறு போலக் கத்தி மைனாக்களை விரட்டிவிட்டு, அவை விட்டுப்போன இரையைத் தூக்கிக்கொண்டிருந்தது. போலிக்குரல் பறவைகள் ஒரே குரலில் நிலைத்து நிற்காது, கொஞ்ச நேரத்தில் சொந்தக் குரலுக்கோ வேறொரு பறவைக்கோ தாவிவிடும். இரண்டு நிமிடம் கூடுதலாக நின்று கேட்டிருந்தால் எனக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

செயலியில் கிடைத்த குரலை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். இனப்பெருக்கக் காலத்தில் இது அதற்குப் பெரிய தொல்லை.

இன்றிரவு எண்ணிப் பாருங்கள். மூன்று தட்டு என்றால் அக்காக்குயில். நான்கு தட்டு, ஆனால் மேலே ஏறாமல் அதே உயரத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் இந்தியக் குயில் என்று இன்னொரு ஆள் இருக்கிறது, அதன் பதிவைத் தேடுங்கள். இரண்டு என்றால் குயில்தான். செயலி முதல் நாளே சரியாகச் சொல்லியிருக்கிறது.