அந்தி நேரத்தில் கடல் அலைகளைப் பனிமூட்டம் போலப் படமெடுப்பது எப்படி?

கேமராவுக்குள் ஒளியை விடும் கதவான ஷட்டர் சில நொடிகள் திறந்திருந்தால், நகரும் நீரெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து மென்மையாகிவிடும். அசையாத பாறை மட்டும் கூர்மையாக நிற்கும்.

நீங்கள் கேட்கும் பனிமூட்டத்துக்கு 30 நொடி விடலாம். ஆனால் எனக்குப் பிடித்தது 1 முதல் 2 நொடிதான். அலை மோதும்போது அழுத்தாதீர்கள். அது பின்வாங்கத் தொடங்கும் கணத்தில் அழுத்துங்கள். நுரை பாறையைச் சுற்றி வெள்ளை இழைகளாக நீளும், அவ்வளவு அழகு! அருவிக்கு அரை நொடியே போதும்.

சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். அது அடிவானத்துக்குக் கீழே 4 முதல் 6 டிகிரி இறங்கும்போதுதான் வானம் ஆழ்ந்த நீலமாகும். அப்போது ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப்/11 (லென்ஸின் சிறிய துளை) வைத்தாலே ஷட்டர் நேரம் நொடிக்கணக்கில் நீண்டுவிடும். வெளிச்சம் அதிகமிருந்தால்தான் ஒளியைக் குறைக்கும் கண்ணாடியான என்டி ஃபில்டர் தேவை: ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும் என்பதால், 6 ஸ்டாப் ஃபில்டர் 1/15 நொடியைச் சுமார் 4 நொடியாக்கும்.

பயணத்தில் ட்ரைபாட் இல்லையா? சரி, சுவர்மேல் பையை வைத்து, அதன்மேல் கேமராவை நன்றாகப் பதித்து, 2 நொடி டைமர் போடுங்கள். அப்புறம், லென்ஸில் கடல்நீர் தெறித்திருக்கிறதா என்று ஒவ்வொரு படத்துக்கும் முன் பாருங்கள்.