சென்னையில் அடக்கமான, நன்றாகத் தைத்த உடைகள் எங்கே கிடைக்கும்?

முழங்காலுக்குக் கீழே வரும் நீளம், முழங்கை வரை கை, அளவான கழுத்து, பல தடவை துவைத்தாலும் உருக்குலையாத தையல். நீங்கள் கேட்டிருப்பது இவ்வளவுதான். தி.நகர் முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை என்கிறீர்கள். நம்புகிறேன். ரெடிமேடில் இந்த நான்கும் ஒரே உடுப்பில் சேர்ந்து வருவது அபூர்வம். நீளம் இருந்தால் சைடு ஓப்பன் இடுப்பு வரை ஏறியிருக்கும். துணி நன்றாக இருந்தால் கை இருக்காது. கேட்டால், "கை உள்ளே இருக்கு மேடம், வச்சுத் தைச்சுக்கலாம்" என்பார்கள். திருப்பிப் பார்த்தால் கைக்குட்டை அளவில் இரண்டு துண்டு தொங்கும்.

அதனால் டிரெஸ்ஸைத் தேடுவதை விட்டுத் துணியைத் தேடுங்கள் என்பேன். சென்னையில் நல்ல துணிக்குப் பஞ்சமே இல்லை.

எழும்பூர் பாந்தியன் சாலையில் இருக்கும் கோ-ஆப்டெக்ஸில் தொடங்குங்கள். 1935இல் ஆரம்பித்த நெசவாளர் கூட்டுறவு. நம்மில் பலர் அங்கே சேலைக்கும் போர்வைக்கும் மட்டும்தான் போகிறோம். ஆனால் ஒரு காட்டன் சேலையில் கணுக்கால் வரை நீளமான டிரெஸ் ஒன்று தாராளமாக வரும். ஐந்தரை மீட்டர் இருக்கிறதே! கரையை அடிவிளிம்பில் வைத்துத் தைத்தால் தனியாக எந்த அலங்காரமும் வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: அம்பர்லா கட் கேட்காதீர்கள். கரை நேர்கோடு, துணியை வட்டமாக வெட்டினால் அது துண்டுதுண்டாகிவிடும். துணியை நேராகவே விட்டு, இடுப்பில் சுருக்கம் அல்லது பிளீட் வைக்கச் சொல்லுங்கள். மதுரை சுங்குடி மெல்லிசு என்பதால் சுருக்கம் அழகாக விழும், ஆனால் லைனிங் கட்டாயம். செட்டிநாட்டுக் கண்டாங்கி கனமானது. லைனிங் தேவைப்படாது, ஆனால் சுருக்கம் வைத்தால் இடுப்பு உப்பித் தெரியும். அதற்குத் தட்டையான பிளீட்தான் சரி.

மீட்டர் துணி வேண்டுமென்றால் அண்ணா சாலை காதி கடை இருக்கிறது. ஜார்ஜ் டவுன் கோடவுன் தெரு மொத்த வியாபாரத்துக்குப் பேர்போனது, சில கடைகளில் சில்லறையாகவும் வெட்டித் தருவார்கள். சாதாரண அகலத் துணியில் குர்தாவுக்கு இரண்டரை மீட்டர், நீள மேக்ஸிக்கு நான்கு, நாலரை மீட்டர் வாங்குங்கள்.

மெட்ராஸ் செக்ஸ் துணியையும் மறக்காதீர்கள். நம் ஊர்ப் பெயரையே சுமக்கும் கட்டம் போட்ட துணி. 1960களில் அமெரிக்காவில் அதன் சாயம் போவதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள். நம் வீட்டு வாஷிங் மெஷினில் அந்தப் பெருமை செல்லாது. வாங்குமுன் ஈரக் கைக்குட்டையை ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள்.

துணி வந்ததும் நேராக டெய்லரிடம் ஓட வேண்டாம். காட்டன் துணியையும் லைனிங்கையும் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள். லைனிங்கை நனைக்க மட்டும் பலர் மறந்துவிடுவார்கள். நனைக்காவிட்டால் அது முதல் துவைப்பிலேயே சுருங்கி மேல் துணியை இழுத்துப் பிடிக்கும். லைனிங்கும் காட்டனாகவே இருக்கட்டும். சென்னை மே மாதத்தில் பாலியஸ்டர் லைனிங் போடுவது தண்டனை.

அடுத்தது டெய்லர். பிளவுஸ் நன்றாகத் தைப்பவர் எல்லாரும் நீள உடுப்பும் நன்றாகத் தைப்பார் என்று சொல்ல முடியாது. அவர் கடையில் தைத்துத் தொங்கவிட்டிருக்கும் ஒன்றை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், தெரிந்துவிடும். உங்களுக்குப் பிடித்த பழைய உடை ஒன்றை அளவு டிரெஸ்ஸாகக் கொடுங்கள். "கழுத்து அளவா வைங்க மாஸ்டர்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அவருடைய அளவு வேறு, உங்களுடைய அளவு வேறு. முன்னால் 6 இன்ச், பின்னால் 5 இன்ச் என்று எண்ணாகச் சொல்லுங்கள். இரண்டு பக்கத் தையலிலும் உள்ளே ஒரு இன்ச் துணி விடச் சொல்லுங்கள், நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம். பாக்கெட்டும் கேளுங்கள். "லேடீஸ் டிரெஸ்ஸுக்கு எதுக்கும்மா பாக்கெட்டு?" என்று ஒரு பார்வை வரும், கண்டுகொள்ளாதீர்கள்.

போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன்னால் நின்றால் மட்டும் போதாது. பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது போலக் கையைத் தூக்குங்கள், உட்காருங்கள், குனியுங்கள். கை தூக்கினால் முழு டிரெஸ்ஸும் மேலே ஏறுகிறதென்றால் அக்குள் வெட்டு ரொம்பக் கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். பார்க்க அடக்கமாக இருந்து, பஸ் ஏறும்போது சங்கடப்படுத்தும் உடையால் என்ன லாபம்?

அவசரம், ரெடிமேட்தான் வேண்டும் என்றால், வாங்கும் முன் உள்பக்கத்தைத் திருப்புங்கள். பக்கத் தையலைப் பிடித்து இரண்டு பக்கமும் லேசாக இழுங்கள். தையல் விரிந்து நூல் பல்லைக் காட்டினால் திருப்பி வைத்துவிடுங்கள். கட்டம் போட்ட துணியில் கோடுகள் பக்கத் தையலில் ஒன்றோடொன்று சேர்ந்தால் துணியை மிச்சம் பிடிக்காமல் வெட்டியிருக்கிறார்கள் என்று அறியலாம். மடித்தடித்த அடிவிளிம்பு ஒரு இன்ச்சாவது இருக்கட்டும். ரேயானை நான் தவிர்க்கிறேன். தொங்கும்போது அழகுதான், ஆனால் ஈரமானால் அந்த நூலுக்கு வலு குறைந்துவிடும். கல்லில் அடித்துத் துவைக்கும் வீட்டில் அது தாங்காது.

எப்போது தைக்கக் கொடுப்பது என்று கேட்டால், ஆடி மாதம். கல்யாண பிளவுஸ் வேலை இருக்காது, டெய்லர் நிதானமாகத் தைப்பார், கடைகளிலும் தள்ளுபடி ஓடும். கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடி தீபாவளியை ஒட்டித்தான் பெரிதாக வரும். அப்போது துணியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் தைக்கக் கேட்டால், "தீபாவளி முடிஞ்சு வாங்கம்மா" என்பதுதான் பதிலாக இருக்கும்.